கிளுவை வேலியும் ஒன்றரை ஷிப்டும்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி நிற்கும். மழை விழுந்ததும் அதன்மேல் முடக்கத்தான் கொடி படர்ந்துவிடும். கைகால் முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். பேச்சில் அது முடக்கத்தான் ஆனது.

கடலைக்காட்டில் நாளெல்லாம் குனிந்து களை வெட்டிய அமுச்சிகளுக்கு, அதாவது பாட்டிமார்களுக்கு, மூட்டும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். முடக்கத்தான் இலையை அரைத்து மாவில் கலந்து தோசை ஊற்றுவார்கள், ரசமும் வைப்பார்கள். வாதநாராயணன் இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் இடுப்பில் ஊற்றுவார்கள். நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். "ரெண்டு நாளைக்குக் காட்டுப்பக்கம் போகாத சாமி" என்பதும் அந்த வைத்தியத்தில் ஒரு பங்கு. கூலிக்காரர்களுக்கு அந்த ரெண்டு நாள் எப்போதும் வாய்த்ததில்லை. ஆனாலும் மழைநாளும், அறுப்பு முடிந்த மாதங்களும் உடம்பை ஆற்றின.

1980களில் பனியன் ஏற்றுமதி பெருகியது. அந்தக் காடுகளின் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கு வந்தார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ஓவர்லாக் டெய்லருக்கு வளைந்த முதுகு. செக்கிங், அயர்ன் மேசைகளில் நின்ற கால். பீஸ் ரேட்டில் எழுந்து நிமிர்ந்தால் கூலி குறையும். மழைநாளும் அறுப்பு முடிந்த மாதங்களும் தந்த ஓய்வு இங்கே இல்லை.

மூலிகை மட்டும் கூடவே வந்திருக்கிறது. முடக்கத்தான் பொடியாகப் பாக்கெட்டில், தைலம் பாட்டிலில். அவசரத்துக்கு மெடிக்கலில் வலி மாத்திரை. டைக்ளோபினாக் போன்றவற்றை நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். லேபிள் இல்லாத 'வாதப் பொடி' அதைவிட ஆபத்து. இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை தெரியவந்திருக்கிறது. ஒரே நாளில் வலி மறைந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

முடக்கத்தானுக்கு வீக்கம் தணிக்கும் குணம் இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மனிதரிடம் அது பெரிய அளவில் உறுதியாகவில்லை. உணவாகச் சாப்பிடலாம், ஒத்தடம் இதம் தரும். மருந்தாக வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ ஒத்தடத்தில் நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இலையையும் எண்ணெயையும் கொண்டுவந்துவிட்டோம். அவற்றோடு சேர்ந்திருந்த ஓய்வைக் காட்டிலேயே விட்டுவிட்டோம். நின்று வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 44ஆம் பிரிவில் சொன்னது. முதலாளிமார்களே, மிஷினுக்கு எண்ணெய் விட நேரம் ஒதுக்குகிறீர்கள். டெய்லருக்கு முதுகு சாய ஒரு நாற்காலியும், நிமிர்ந்து நடக்க ஐந்து நிமிடமும் கொடுங்கள்.