நேம் சர்வர் யார் கையில்?

2016 அக்டோபர் 22 அன்று, பிரேசிலின் ஒரு வங்கிக்குச் சொந்தமான 36 டொமைன்களும் சில மணி நேரத்துக்குத் திருடர்கள் வசம் போயின. இதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி வங்கியின் பெயரைச் சொல்லவில்லை. நடந்த விதத்தைச் சொன்னது. திருடர்கள் டொமைன்களின் பதிவுக் கணக்கைக் கைப்பற்றி, அந்த முகவரிகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற குறிப்பை மாற்றிவிட்டார்கள். சரியான முகவரியைத் தட்டச்சு செய்த வாடிக்கையாளர்கூட, பூட்டுக்குறியோடு இருந்த போலித் தளத்தில் போய் இறங்கினார். மின்னஞ்சலும் அதே டொமைன்களை நம்பியிருந்ததால், வாடிக்கையாளர்களை எச்சரிக்கவும் வங்கிக்கு வழியில்லாமல் போனது.

டொமைன் வாங்கிய பதிவு நிறுவனத்தின் தளத்தில் 'நேம் சர்வர்' என்றொரு பகுதி இருக்கும். வழக்கமாக இரண்டு முதல் நான்கு வரிகள். இந்த டொமைனைப் பற்றிய கேள்விகளுக்கு அதிகாரபூர்வமான பதில் எந்தச் சர்வரிடம் இருக்கிறது என்று உலகுக்கு அறிவிப்பவை அந்த வரிகள்தாம். தளம் எங்கே, அஞ்சல் எங்கே என்பதிலெல்லாம் அதன் பிறகு அந்தச் சர்வர் வைத்ததே சட்டம். அந்த வரிகளை மாற்ற முடிந்தவரால் அஞ்சலைத் தன் பக்கம் திருப்ப முடியும். அஞ்சல் வந்தால் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்புகளும் கூடவே வரும். டொமைன் தன் கட்டுப்பாட்டில் இருப்பதை மட்டும் காட்டினால் போதும், இலவசச் சான்றிதழ் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். ஆகவே போலித் தளத்தின் பூட்டுக்குறி அசலானது. இணையத்தில் தொழில் செய்பவர் முதலில் காவல் போட வேண்டியது இந்த வரிகளுக்குத்தான். ஆனால் சிறு நிறுவனங்கள் பலவற்றில் இவை தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரின் கணக்கில், அவருடைய பாஸ்வேர்டை நம்பிக் கிடக்கின்றன.

"டொமைனைத்தான் பூட்டி வைத்திருக்கிறோமே" என்பார்கள் சிலர். சாதாரணமாகக் கிடைக்கும் அந்தப் பூட்டு, டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதை மட்டும் தடுக்கும். கணக்குக்குள் நுழைந்தவர் நேம் சர்வரை மாற்றுவதைத் தடுக்காது. அதைத் தடுக்க வேறொரு ஏற்பாடு உண்டு: பதிவகப் பூட்டு. டாட் காம், டாட் இன் போன்ற பட்டியல்களைப் பராமரிக்கும் பதிவகத்திலேயே போடப்படும் இதைத் திறக்க, ஆள் மூலமாகச் சரிபார்க்க வேண்டும். 2013 ஆகஸ்டில் மெல்போர்ன் ஐடி என்ற பதிவு நிறுவனத்தின் மறுவிற்பனையாளர் ஒருவரின் கணக்கு வழியாக நியூயார்க் டைம்ஸ் டொமைனை 'சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி' என்ற ஹேக்கர் குழு திருப்பிவிட்டபோது, அதே கணக்கில் இந்தக் கூடுதல் பூட்டு போட்டிருந்த டொமைன்கள் தப்பின. எல்லாப் பதிவு நிறுவனங்களும் இதைத் தருவதில்லை, தருபவை தனிக் கட்டணம் கேட்கும் என்பது உண்மைதான். மளிகைக் கடைத் தளத்துக்கு இது அதிகம் என்றால் ஏற்கலாம். ஆனால் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுவதற்கும், அந்தக் கணக்கின் மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காமல் இருப்பதற்கும் செலவு ஏதுமில்லை.

"எங்களை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்ற கேள்விதான் இன்னும் ஆபத்தானது. இன்ஃபோபிளாக்ஸ், எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனங்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018 முதல் 35,000-க்கும் மேற்பட்ட டொமைன்கள் ஒரே வகை ஓட்டை வழியாகக் கடத்தப்பட்டன. ஒருவர் ஒரு ஹோஸ்டிங் திட்டத்தைக் கைவிடுகிறார். நேம் சர்வர் வரிகளோ பழைய நிறுவனத்தையே காட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நிறுவனம் உரிமையைச் சரிபார்க்காவிட்டால், புதிதாகக் கணக்குத் தொடங்கும் யாரும் அங்கே அந்த டொமைனைச் சேர்த்துக்கொள்ளலாம். இதில் பாஸ்வேர்டு எதுவும் திருடப்படவில்லை. எழுத்துப்பிழைகூடப் போதும்: மாஸ்டர்கார்டு டொமைனின் ஒரு பகுதிக்கான ஐந்து நேம் சர்வர்களில் ஒன்று, 'டாட் நெட்' என்று முடிவதற்குப் பதிலாக நைஜர் நாட்டின் 'டாட் என்இ' என்று முடிந்து, 2020 நடுப்பகுதியிலிருந்து 2025 ஜனவரி வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஓர் ஆய்வாளர் அந்தப் பெயரை 300 டாலருக்கு வாங்கி எச்சரித்தார். வேறு யாராவது முந்தியிருக்கலாம்.

இனி உரிமை. பதிவு ஆவணத்தில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ, பதிவு நிறுவனத்தின் கண்ணில் அவர்தான் டொமைனுக்குச் சொந்தக்காரர். பணம் யார் கொடுத்தார் என்பது அடுத்த கதை. வீட்டுப் பத்திரத்தைத் தரகர் பெயரில் எழுதி வைப்பவர் உண்டா? வடிவமைப்பாளர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால், நோய்வாய்ப்பட்டால், அவர் கணக்கே திருடுபோனால் என்ன செய்வது? ஆகவே கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள். டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிகள் பொருந்தும்: வேறு நிறுவனத்துக்கு மாற உரிமையாளர் ரகசியக் குறியீட்டைக் கேட்டால் பதிவு நிறுவனம் ஐந்து நாட்களுக்குள் தர வேண்டும். வடிவமைப்புக் கூலி பாக்கி என்பது மாற்றத்தை மறுக்க அந்த விதிகள் ஏற்கும் காரணம் அல்ல. மறுத்தால் ஐகானிடம் புகார் செய்யலாம். டாட் இன் அந்தப் பொது டொமைன்களில் சேராது, அதன் பதிவகம் இந்தியாவின் நிக்ஸி அமைப்பிடம் இருக்கிறது.

திருட்டு நடந்துவிட்டால் முதல் அழைப்பு பதிவு நிறுவனத்துக்கு: கணக்கை முடக்கி, பழைய நேம் சர்வர்களைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். மாறிய வரிகள், மாற்றத்துக்கு முன்பான விவரம், வந்த அறிவிப்பு மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் நேரத்தோடு சேமித்து, 1930 எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். நிறுவனங்கள் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் இத்தகைய குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. நஷ்ட ஈடு கேட்டு, 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளுக்கு, மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடமே மனு செய்யலாம். பலருக்கு இந்த வழி தெரிவதில்லை. நேம் சர்வர் திரும்பிவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. டாட் காம் பதிவகம் தரும் நேம் சர்வர் குறிப்பை மற்ற கணினிகள் இரண்டு நாள் வரை நினைவில் வைத்திருக்கலாம். அதுவரை சிலர் போலித் தளத்துக்கே போவார்கள். திருடர் வாங்கிய சான்றிதழ் தன் காலம் முடியும்வரை செல்லும், அதை ரத்து செய்யக் கோர வேண்டும். திருட்டுக்கும் மீட்புக்கும் இடையில் உங்கள் அஞ்சல் வழியாக மாற்றப்பட்டிருக்கக்கூடிய ஒவ்வொரு பாஸ்வேர்டையும், வங்கிக் கணக்கிலிருந்து தொடங்கி, புதிதாக மாற்ற வேண்டும்.