பெண்ணின் இருதயம்

"மாரடைப்பா? அது ஆம்பளைங்களுக்கு வர்ற நோய்." இப்படிப் பலர் சொல்வார்கள். இது உண்மையா?

டில்லியில் டாக்டர் பத்மாவதி என்று ஒருவர் இருந்தார். 1917-ல் பர்மாவில் பிறந்தவர். போர்க் காலத்தில், 1942-ல், கோயம்புத்தூர் வந்தார். பிறகு வெளிநாடு போய் இருதய மருத்துவம் படித்தார். 1950-களில் டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். நம் நாட்டின் முதல் பெண் இருதய மருத்துவர் இவர்தான்.

டில்லியில் பல பெண்கள் மூச்சு வாங்கி, கால் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பீடி குடிப்பவர்கள் அல்ல. அடுப்புப் புகைதான் காரணமாக இருக்கும் என்று டாக்டர் பத்மாவதி எழுதினார். புகையால் நுரையீரல் புண்படும். அதனால் இருதயத்துக்குப் பாரம் கூடும். பெண்ணுக்கும் இருதய நோய் வரும் என்பது அன்றே தெரிந்தது.

மாரடைப்பு வருவது எப்படி?

விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும். வீங்கும். சுடும். இதற்கு அழற்சி என்று பெயர். இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவரிலும் அழற்சி உண்டாகும். புகை, புகையிலை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு ஆகியவை அதை வளர்க்கும். அங்கே கொழுப்பு படியும். கொழுப்பு படிந்த இடம் ஒருநாள் வெடிக்கும். இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். இதுதான் மாரடைப்பு.

பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இரத்தக் குழாய் விறைத்துப் போகாமல் அது காக்கிறது. அழற்சியையும் அடக்குகிறது. 45 முதல் 55 வயதுக்குள் பெரும்பாலும் மாதவிலக்கு நின்றுவிடும். அப்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். அந்தக் காவலும் குறையும். சர்க்கரை நோய் இருந்தால் இளவயதிலேயே காவல் குறையும்.

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் போதுமா? போதாது. அமெரிக்காவில் 16,000-க்கும் அதிகமான பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரை மாரடைப்பைத் தடுக்கவில்லை என்று 2002-ல் தெரிந்தது. வேறு தொல்லைக்கு டாக்டர் கொடுத்தால் மட்டும் சாப்பிடலாம்.

நெஞ்சு வலிக்கலாம். தாடை, முதுகு, தோள் வலிக்கலாம். மூச்சு வாங்கலாம். குமட்டலாம். வியர்த்துக் கொட்டலாம். காரணமில்லாமல் அசதி வரலாம். "வாயுத் தொல்லைதான்" என்று கஷாயம் குடித்துப் படுத்துவிடாதீர்கள். "சமையலை முடித்துவிட்டுப் போகலாம்" என்றும் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

40 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதை விடுங்கள். புகை வெளியே போக வழி செய்யுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

டாக்டர் பத்மாவதி 103 வயது வரை வாழ்ந்தார். 2020-ல் காலமானார். 90 வயது தாண்டியும் அவர் நோயாளிகளைப் பார்த்தார்.

வீட்டில் எல்லாருக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பவர் நீங்கள். உங்கள் இருதயத்தைப் பரிசோதித்து எத்தனை நாள் ஆகிறது?