காற்று கொடுத்தால் போதும், பாக்டீரியா வேலை செய்யும்

ஜொகூரின் ஸ்கூடாயில் ஏதாவது ஒரு தாமான் வீட்டின் பின்புறத்தில், காய்ந்த இலை, வாழைப்பழத் தோல், கீரைத்தண்டு, வடிகட்டிய தேயிலைத்தூள், கொஞ்சம் ஆட்டுப்புழுக்கை எல்லாவற்றையும் கலந்து இடுப்பளவு உயரத்துக்குக் குவித்து, மேலே ஒரு கோணிச்சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள். மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கம்பி சுடும். இரவெல்லாம் மழை பெய்து ஊரே குளிர்ந்து கிடக்கும் விடியற்காலையிலும் சுடும்.

அந்தச் சூட்டை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ, இரண்டு மூன்று பங்கோதான். இலையிலும் தண்டிலும் உள்ள சர்க்கரையைத் தின்று, உயிர்வாயுவோடு சேர்த்து எரித்து, தமக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கின்றன. அதில் ஒரு பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. குவியல் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கும். ஒரு வாளி அளவுக் குப்பையில் சூடு நிற்காததற்கு அளவு குறைவு என்பதே காரணம்.

சூடு ஏற ஏற, வேலை செய்யும் கூட்டமும் மாறுகிறது. முதல் ஓரிரு நாள் 40 டிகிரி வரை சாதாரண மண் பாக்டீரியாக்களின் காலம். சோறு, பழம் போன்ற எளிதில் கரைவதையெல்லாம் அவை தின்று தீர்க்கின்றன. தாங்கள் உண்டாக்கிய சூடு 45 டிகிரியைத் தாண்டியதும் அவற்றால் அங்கே இருக்க முடிவதில்லை. அதுவரை விதை போல உறங்கிக் கிடந்த பேசில்லஸ், ஜியோபேசில்லஸ் இனங்கள் விழித்துக்கொள்கின்றன. 50 முதல் 55 டிகிரி வரையிலான சூட்டில் தெர்மோபிஃபிடா ஃபுஸ்கா என்ற பாக்டீரியா களத்தில் இறங்குகிறது. செடியின் நாரைச் சிதைப்பதில் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் அதிகம் ஆராய்ந்த பாக்டீரியாக்களில் அதுவும் ஒன்று.

65 டிகிரிக்கு மேலும் குவியலில் உயிர் உண்டு. 1996-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், சூடேறிய உரக்குவியல்களில் தெர்மஸ் என்ற இனத்தைக் கண்டார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் கண்டெடுத்து 1969-இல் அறிவித்த பாக்டீரியாவும் இதே இனம்தான். அதன் நொதிதான் பிசிஆர் பரிசோதனைக்கு அடிப்படையாக அமைந்தது. கோவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்களே, அந்தப் பரிசோதனைதான். அந்தப் பாக்டீரியாவின் உறவுக்கூட்டம் நம் கொல்லைக் குப்பையிலும் வாழக்கூடும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

சரி, நாரை எப்படித் தின்கின்றன? அரிசியும் வைக்கோலும் ஒரே பயிரில் விளைபவை. இரண்டிலும் இருப்பது குளுக்கோஸ் சங்கிலிதான். அரிசியில் அது மாவுச்சத்தாகவும் வைக்கோலில் செல்லுலோஸாகவும் இருக்கிறது. கண்ணிகள் கோத்திருக்கும் விதம் மட்டுமே வேறு. அந்தச் சின்ன வேறுபாட்டால் சோறு நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை. மாட்டுக்குச் செரிப்பதும் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களின் தயவில்தான். பாக்டீரியாவுக்கு வாய் இல்லை. அது நொதிகளைத் தன் உடலுக்கு வெளியே கசியவிடுகிறது. ஒரு நொதி சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கழற்றும். மூன்றாவது அந்தத் துண்டுகளைக் குளுக்கோஸாகப் பிரிக்கும். கரைந்து வந்த சர்க்கரையைப் பாக்டீரியா உறிஞ்சிக்கொள்ளும். சில இனங்கள் இந்த நொதிகளை எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர்த்து உடலின் வெளிப்புறத்தில் தாங்கியிருக்கின்றன. செல்லுலோசோம் எனப்படும் அந்த அமைப்பை 1983-இல் இஸ்ரேலைச் சேர்ந்த பேயர், லாமெட் ஆகியோர் விவரித்தார்கள்.

மரத்தன்மை தரும் லிக்னின்தான் பாக்டீரியாக்களுக்குப் பெரிய தடை. அதை உடைப்பதில் பூஞ்சைகளுக்கே முதலிடம். ஆனால் ஆக்டினோமைசீட்ஸ் எனும் நூல் போன்ற பாக்டீரியாக்களும் கை கொடுக்கின்றன. குவியலைப் பிரிக்கும்போது சாம்பல் பூத்தது போல் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் அவைதான். பலர் அதைப் பூசணம் என்று பயந்து கொட்டிவிடுகிறார்கள், கொட்டாதீர்கள். முதல் மழைக்கு எழும் மண்வாசனையும், பக்குவமான உரத்தின் வாசனையும் ஜியோஸ்மின் என்ற ஒரே பொருளால் வருபவை. அதைச் சுரப்பதில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோமைசீஸ் இனம். காசநோய்க்கு முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கிடைத்ததும் அந்த இனத்திலிருந்துதான். அதற்காக 1952-இல் நோபல் பரிசு பெற்ற செல்மன் வாக்ஸ்மன், 1930-களில் உரக்குவியலில் செடிப்பொருள் எப்படி மக்குகிறது என்று ஆராய்ந்தவர்.

அண்மைக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் ஒசாகாவில் எக்ஸ்போ பூங்காவில் இலை, கிளைகளைப் போட்டு மக்கவைத்த உரத்திலிருந்து ஒரு நொதிக்கான மரபணு கிடைத்தது. 2012-இல் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்த நொதியைச் செப்பனிட்டு, தண்ணீர் போத்தல் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் குறைந்தது 90 சதவீதத்தை 10 மணி நேரத்தில் அதன் மூலப்பொருள்களாகப் பிரித்துக் காட்டினார்கள். 2020-இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. இலையின் மேல் படிந்த மெழுகுப் படலத்தைக் கரைக்கும் நொதிதான் பிளாஸ்டிக்கையும் கரைத்தது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று ஜொகூர்க்காரர்கள் நினைக்க வேண்டியதில்லை. நாம் செம்பனைக்கு நடுவில் வாழ்கிறோம். இன்று முத்தியாரா ரினி என்று வீடுகளாக நிற்கும் இடம் ஒரு காலத்தில் ரினி தோட்டம். அங்கிருந்து தாமானுக்கு வந்த குடும்பங்கள் இன்னும் ஸ்கூடாயில் உண்டு. ஒரு டன் செம்பனைக் குலை ஆலைக்குள் போனால், பழம் உதிர்த்தபின் ஏறத்தாழ 220 கிலோ வெற்றுக்குலை வெளியே வரும். தோட்டத்தில் தண்டான் கோசோங் என்போமே, அதுதான். முன்பு அதைச் சூளையில் போட்டு எரித்தார்கள், ஊரெல்லாம் புகை. இப்போது தோட்டத்திலேயே மரத்தடியில் பரப்புகிறார்கள், அல்லது ஆலைக் கழிவுநீரைத் தெளித்து உரமாக்குகிறார்கள். நெகிரி செம்பிலானின் செர்த்திங் ஹிலிரில் புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நொறுக்கிய வெற்றுக்குலையோடு ஆலைக் கழிவைச் சேர்த்து மக்கவைத்துப் பார்த்தார்கள். இரும்பு போல் விறைத்த அந்த நாரும் இரண்டு மாதத்துக்குள் வயலில் போடத்தக்க உரமானது.

ஸ்கூடாயிலேயே இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் (யூ.டி.எம்.) இதில் பங்கு உண்டு. தென் ஜொகூரின் இஸ்கண்டார் மலேசியா வட்டாரத்துக்கான குறைந்த கார்பன் திட்ட வரைவு 2012-இல் வெளியானபோது, ஜப்பானின் கியோத்தோ, ஒக்காயாமா பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து உழைத்தது யூ.டி.எம்.தான். அதே நோக்கத்தில், கூலாய்ப் பக்கம் ஃபெல்டா தாயிப் அண்டாக்கில் சமூக அளவில் கழிவை உரமாக்கும் முயற்சியையும் அதன் ஆய்வாளர்கள் செய்து பார்த்து, 2017-இல் கட்டுரையாக எழுதினார்கள். ஆய்வு இருக்கிறது, அறிவு இருக்கிறது. நம் வீட்டுக் குப்பை மட்டும் இன்னும் லாரியில்தான் போகிறது.

2012-இல் தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை எடுத்த கணக்குப்படி, மலேசிய வீட்டுக் குப்பையில் சுமார் 45 சதவீதம் உணவுக் கழிவு. 2015 செப்டம்பர் முதல் ஜொகூரில் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி தனியாகப் போகிறது. ஈரக் கழிவோ மிச்சக் குப்பையோடு கறுப்புப் பைக்குள் கட்டப்பட்டு, சீலோங் குப்பை நிரப்பிடம் போன்ற இடங்களில் மண்ணுக்கு அடியில் போகிறது. புதைத்துவிட்டால் மக்கிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவில் வில்லியம் ராத்ஜே 1973 முதல் நடத்திய ஆய்வில், குப்பை மேடுகளைத் தோண்டியபோது பல பத்தாண்டுப் பழைய செய்தித்தாள்கள் வாசிக்கும் நிலையிலேயே கிடைத்தன. காற்றில்லாத இடத்தில் மக்குவது மெதுவாக நடக்கும். நடக்கும்போதும் வேறொரு கூட்டம் வேலைக்கு வந்து மீத்தேன் வாயுவை விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஒரே வாழைத்தோல்தான், காற்றுள்ள குவியலில் உரமாகிறது, காற்றில்லாத குழியில் கேடாகிறது.

வீட்டுக் குவியல் நாறுவதற்கும் இதுவே காரணம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் நம்முடையது. திறந்து கிடக்கும் குவியலின் இடுக்கெல்லாம் தண்ணீர் புகுந்துவிடும், காற்றுக்கு இடமிருக்காது, அழுகல் வாடை அடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மேலே ஒரு தகரமோ கான்வாஸோ போடுங்கள். சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு போடுங்கள். பாக்டீரியாவுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும், காய்ந்த இலை அதைத் தருகிறது, காற்றுக்கும் வழி விடுகிறது. குவியலில் ஒரு பிடியை எடுத்துக் கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிவிட்டால் இறங்கிய சூடு மறுபடி ஏறும். மீன், கோழி, எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம், எலி வரும். குளிர்காலம் என்ற ஒன்று இல்லாத நம் ஊரில் இந்த வேலை ஆண்டு முழுவதும் தடையின்றி நடக்கும்.

கடையில் போத்தலில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல் தேவையா என்று கேட்பார்கள். என் கருத்து: வீட்டுக் குவியலுக்குத் தேவையில்லை. ஒவ்வோர் இலையின் மீதும், ஒவ்வொரு பிடி மண்ணிலும் வேண்டிய பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது. பழைய உரத்தில் இரண்டு கைப்பிடி தூவினால் அதுவே தாராளம். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும் உலகத்துக்கே முன்மாதிரியான உரமுறையை உருவாக்கியபோது கையாண்டவை இலைதழை, சாணம், சாம்பல், மண், தண்ணீர், புரட்டுதல் ஆகியவைதான்.

ஓர் எச்சரிக்கையையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மலேசிய மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற கடும் நோயைத் தரும் பாக்டீரியாவும் உண்டு, நீரிழிவு உள்ளவர்களை அது அதிகம் தாக்கும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டு இந்தியரில் பெரியவர்கள் நூற்றில் 31 பேருக்கு நீரிழிவு. ஆகவே கையுறையும் மூடிய காலணியும் போடாமல் குவியலைத் தொட வேண்டாம். கையில் புண் இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். காய்ந்த குவியலைப் புரட்டும்போது முகக்கவசம் அணியுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கடைசியாக, கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வாழைமரம், தோரணம், பூமாலை, அன்னதான வாழையிலை என்று ஒரு திருவிழாவில் சேர்வது அனைத்தும் முதல்தர உரப்பொருள். கோயிலுக்குப் பின்னால் கூரை போட்ட ஒரு மூலையை ஒதுக்குங்கள். மாலை கட்டுபவரிடம் வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள். நைலான் நூல் அந்தக் குவியலில் மக்காது.