அடி வாங்கவே போகும் பெட்டி

1962 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் டெல்ஸ்டார் விண்ணில் ஏறியது. 77 கிலோ எடை, 88 சென்டிமீட்டர் விட்டம், உடம்பெல்லாம் சோலார் தகடு ஒட்டிய பந்து. அட்லான்டிக்கைத் தாண்டி நேரடித் தொலைக்காட்சிப் படம் அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அதுதான். ஏறிய நேரம்தான் சரியில்லை. முந்தின நாள் அதே அமெரிக்கா, பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்துப் பார்த்திருந்தது. அதில் கிளம்பிய எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு சுற்றின. டெல்ஸ்டார் அவற்றின் நடுவே போய்ப் போய் வந்தது.

நவம்பரில் தரைக்கட்டளை எதற்கும் மசியவில்லை. கோளாறு டிரான்சிஸ்டரில் என்று, அதைக் கட்டிய பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள் கீழே இருந்தபடியே கண்டுபிடித்தார்கள். அதற்குப் போகும் மின்னழுத்தத்தைச் சற்று விலக்கினால் தேறிவிடும் என்று கணித்து, தந்திரமாகக் கட்டளை அனுப்பி ஜனவரியில் எழுப்பியும் விட்டார்கள். பிப்ரவரியில் அது ஒரேயடியாக அடங்கிப்போனது.

அன்று தெரியாமல் போய் மாட்டிக்கொண்டது. இன்று பிரான்சின் தெற்கே மோன்பெலியே பல்கலைக்கழக மாணவர்கள், கதிர்வீச்சில் அடி வாங்கி வா என்றே அனுப்புகிறார்கள். ‘ரொபுஸ்தா’ வரிசையின் முதல் செயற்கைக்கோள் பத்து சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி. எடை ஏறக்குறைய ஒரு கிலோ, சர்க்கரைப் பொட்டலம் மாதிரி. உள்ளே சோதனைக்குப் போனவை எல்எம்124, எல்எம்139 என்ற ஐசி சில்லுகள். நம் பாலிடெக்னிக் ஆய்வகங்களில் புழங்கும் எல்எம்324-க்கு முன்னது அண்ணன் முறை. அவ்வளவு சாதாரணச் சரக்கு.

சாதாரணச் சரக்கில்தான் சூட்சுமம். விண்ணுக்குப் போகும் ஐசிகள் மேல் தரையில் கோபால்ட்-60 கதிரை வேகமாகப் பாய்ச்சி, தாங்கினால் தேறியது என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். 1990-களின் தொடக்கத்தில்தான் குட்டு வெளிப்பட்டது: பைபோலார் டிரான்சிஸ்டர் கொண்ட சில ஐசிகள், அதே அளவு கதிரை ஆற அமரக் கொடுத்தால் இன்னும் மோசமாகக் கெடுகின்றன. விண்வெளியில் கதிர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. சுலபமான தேர்வு வைத்துப் பாஸ் போட்டு அனுப்பிய கதைதான். அதே நிதானத்தில் தரையில் சோதிக்க வருடக்கணக்கு ஆகும். கதிரின் வேகத்தை நடுவில் மாற்றி, கொஞ்ச நாளிலேயே முடிவைக் கணிக்கும் முறை ஒன்று மோன்பெலியேயில் பிறந்தது. அது சரியா என்று மேலே போய்த்தான் பார்க்க வேண்டும்.

2012 பிப்ரவரி 13 அன்று ஐரோப்பாவின் வேகா ராக்கெட்டின் முதல் பயணத்தில் முதல் பெட்டி போனது. சோதனை நிறைவேறவில்லை. பத்து ஆண்டு கழித்து, அதே பல்கலைக்கழகமும் செர்ன் ஆய்வு மையமும் சேர்ந்து செய்த ‘செலஸ்தா’ போனதும் வேகா-சியின் முதல் பயணத்தில்தான். புது ராக்கெட்டின் முதல் ஓட்டத்தில் விலையுயர்ந்த சரக்கை ஏற்ற யாருக்கும் தயக்கம். மாணவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது! செலஸ்தாவுக்குள் இருந்தது, செர்ன் தன் துகள்முடுக்கிச் சுரங்கங்களில் கதிரளக்க வைத்திருக்கும் கருவியின் சின்ன வடிவம். அனுப்புமுன் முழுச் செயற்கைக்கோளையே செர்னின் கதிர்க்கூடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்த உயரம் சுமார் 5,900 கிலோமீட்டர். டெல்ஸ்டார் அடி வாங்கிய அதே கதிர்வளையம்.

நடுவே 2017-ஐ விட்டுவிட்டேன். ரொபுஸ்தாவின் இரண்டாம் பெட்டி, முதலாவது விட்டுவைத்த சோதனையோடு, ஜூன் 23 அன்று பிஎஸ்எல்வி-சி38-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதே ராக்கெட்டில் குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ செயற்கைக்கோளும் இருந்தது. அன்று காலை 9.29 மணிக்குப் பழவேற்காட்டுக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள், இரண்டையும் சேர்த்தே வழியனுப்பியிருக்கிறார்கள்.