தொற்றுள்ள விலங்கு மாதிரிகளை நோயறி ஆய்வகத்திற்குப் பாதுகாப்பாக அனுப்புதல்: செட்டிநாட்டுப் பின்புலத்தில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

விலங்குகளின் தொற்றுநோயை உறுதிப்படுத்தும் ஆய்வகங்கள் பெரும்பாலும் நோய் தோன்றும் ஊருக்கு வெகு தொலைவில் உள்ளன. இடைப்பட்ட பயணத்தில் மாதிரி கசிந்தால் அதனைக் கையாள்வோர்க்குத் தீங்கு நேரும். கெட்டுவிட்டால் ஆய்வு முடிவு பிழையாகும். மாதிரியை வகைப்படுத்தல், மூவடுக்குப் பொதி, குளிர்நிலை காத்தல், தகவல் படிவம் ஆகியவற்றைச் சிவகங்கை மாவட்டச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது. பொதிதல் ஆய்வின் முதற்படியே என்பது இதன் மையக் கருத்து.

குறிச்சொற்கள்: நோயறி மாதிரி, மூவடுக்குப் பொதி, குளிர்நிலை, பறவைக் காய்ச்சல், செட்டிநாடு

முன்னுரை

செட்டிநாடு கண்மாய்களை நம்பிய வறண்ட நிலப்பகுதி. ஆடு, மாடு, கோழி வளர்ப்பு இங்குள்ள சிறு உழவர்களுக்கு மழை பொய்த்த ஆண்டின் கைப்பொருள். தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டிற்குப் பல ஊர்க் காளைகள் ஓரிடத்தில் கூடுகின்றன. திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்திற்கு வலசைப் பறவைகள் வருகின்றன. அவற்றின் அமைதி கெடாதிருக்கக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. விலங்குகளும் பறவைகளும் இவ்வாறு கூடும் இடத்தில் நோய்க் கண்காணிப்பு இன்றியமையாதது.

ஐயத்திற்குரிய இறப்பு நேரும்போது மாதிரி சென்னை மாதவரத்திலுள்ள பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கோ, பறவைக் காய்ச்சல் ஐயமெனில் போபாலிலுள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்திற்கோ செல்ல வேண்டும். 2021 சனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் இறந்தபோது எச்5என்8 தீநுண்மியை உறுதிசெய்தது போபால் நிறுவனமே. காரைக்குடியிலிருந்து போபால் நேர்க்கோட்டிலேயே 1,400 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. அத்தொலைவைக் கடந்த பின்னும் மாதிரி ஆய்வுக்குத் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும்.

1. வகைப்படுத்தல்

பன்னாட்டு விதிகள் தொற்றுப் பொருள்களை இரு வகையாகப் பிரிக்கின்றன. உடலிற்பட்டால் நிலையான ஊனத்தையோ உயிருக்கு ஆபத்தையோ விளைவிக்கக்கூடியவை ‘அ’ வகை. இவற்றுள் மனிதரைத் தாக்குபவை ஐ.நா. எண் 2814, விலங்குகளை மட்டும் தாக்குபவை 2900 எனக் குறிக்கப்படும். எஞ்சிய நோயறி மாதிரிகள் ‘ஆ’ வகையாகி 3373 என்னும் எண் பெறும்.

இங்கு நோயின் பெயர் மட்டும் வகையைத் தீர்மானிப்பதில்லை. அடைப்பான், கோமாரி, வீரியமிக்க பறவைக் காய்ச்சல் ஆகியவற்றின் நுண்ணுயிர்கள் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட நிலையில்தான் ‘அ’ வகைப் பட்டியலில் இடம்பெறுகின்றன. அதே நோயால் தாக்குண்ட விலங்கிடமிருந்து நேரே எடுத்த மாதிரி பொதுவாக ‘ஆ’ வகையாகவே செல்லும். நிபா, கியாசனூர் காட்டுக் காய்ச்சல் போன்றவற்றின் தீநுண்மி இருக்கும் மாதிரியோ எந்நிலையிலும் ‘அ’ வகையே. எனவே எந்த நோயை ஐயுறுகிறோம் என்பதைக் கால்நடை மருத்துவர் தெளிந்த பின்னரே பொதியைத் தேர்ந்தெடுக்க இயலும்.

2. மூவடுக்குப் பொதி

முதல் அடுக்கு மாதிரியை நேரடியாகக் கொள்ளும் கசியாத குழாய். அதன் திருகுமூடியை ஒட்டுநாடாவால் சுற்றுதல் நன்று. இரண்டாம் அடுக்கு அக்குழாயைச் சூழும் கசியாத கலன். இரண்டிற்கும் இடையே, குழாய் உடைந்தால் நீர்மம் முழுவதையும் உறிஞ்சும் அளவிற்குப் பஞ்சு வைக்க வேண்டும். குழாய்கள் பல எனில் ஒன்றோடொன்று மோதாதவாறு தனித்தனியே சுற்ற வேண்டும். மூன்றாம் அடுக்கு உறுதியான புறப்பெட்டி.

‘ஆ’ வகைப் பொதி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தாலும் கசியக்கூடாது. வான்வழிச் செல்லும் நீர்ம மாதிரிக்கு முதல் இரு கலன்களுள் ஒன்று 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். ஒரு முதற்கலனில் 1 லிட்டருக்கு மேலும், ஒரு பொதியில் 4 லிட்டருக்கு மேலும் நீர்மம் இருத்தலாகாது. பெட்டியின் மேல் 50 மி.மீ. பக்கமுடைய சாய்சதுரக் குறியினுள் 3373 என்னும் எண்ணும், பொருளின் வகைப்பெயரும், பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இடம்பெற வேண்டும். ‘அ’ வகைக்கு 9 மீட்டர் வீழ்ச்சிச் சோதனையில் தேறிய, சான்று பெற்ற பொதியே ஏற்புடையது. எவ்வகையாயினும் வானூர்திப் பயணி தம் கைப்பையில் கொண்டு செல்லுதல் கூடாது.

3. குளிர்நிலை

கோடையில் செட்டிநாட்டின் பகல் வெப்பம் 38 பாகை செல்சியசை அடிக்கடி கடக்கும். தீநுண்மி ஆய்வுக்குரிய மாதிரி 48 மணி நேரத்திற்குள் சேருமெனில் 4 பாகையில் வைத்தல் போதும். கடக்குமெனில் -80 பாகை தேவை. வீட்டு உறைபெட்டியின் -20 பாகையில் வைத்து, உருகவிட்டு, மீண்டும் உறைய வைத்தல் தீநுண்மியைச் சிதைக்கும்.

குளிர்பொதிகளை இரண்டாம் கலனுக்கு வெளியே, புறப்பெட்டியினுள் அடுக்க வேண்டும். உலர்பனி பயன்படுத்தினால் கரியமில வாயு வெளியேற வழி விட வேண்டும். காற்றுப்புகாமல் அடைத்த கலன் வெடிக்கும்.

முழு இரத்தத்தை உறைய வைத்தால் சிவப்பணுக்கள் சிதையும். திசு நோய்க்கூற்றியல் ஆய்வுக்கு 10 விழுக்காடு பார்மலினில் இட்ட திசுவையும் உறைய வைத்தலாகாது. கோமாரி நோயின் கொப்புளத் தோலைக் கிளிசரால் கலந்த, கார அமில நிலை 7.2 முதல் 7.6 வரையுள்ள கரைசலில் இட வேண்டும். அமிலத்தன்மை அத்தீநுண்மியை விரைவில் அழித்துவிடும்.

4. திறக்கக் கூடாத உடல்

அடைப்பான் ஐயமுள்ள உடலை அறுத்தலாகாது. காற்றுப்பட்டால் அந்நுண்ணுயிர் வித்துகளாகி மண்ணில் பல்லாண்டுகள் நிலைக்கும். காது நரம்பிலிருந்து எடுத்த இரத்தப்பூச்சே நோயறியப் போதுமானது. நல்ல மாதிரி வேண்டுமென்று உடலைத் திறப்பது மேய்ச்சல் நிலத்தையே நோய்க்களமாக்கிவிடும்.

5. தகவல் படிவம்

விலங்கின் இனம், அகவை, நோய்க்குறிகள், இறந்தவற்றின் எண்ணிக்கை, தடுப்பூசி விவரம், மாதிரி எடுத்த நாளும் நேரமும், வேண்டும் சோதனை ஆகியவற்றை எழுதி நெகிழி உறையிலிட்டு, இரண்டாம் கலனுக்கும் புறப்பெட்டிக்கும் இடையே வைக்க வேண்டும். குழாயின் மேல் நீரில் அழியாத மையால் எழுதுதல் தேவை. தடுப்பூசி விவரம் விடுபட்டால், எதிர்ப்புப் புரதம் நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என ஆய்வகம் பிரித்தறிதல் அரிது. அனுப்பும் முன் ஆய்வகத்திற்குத் தெரிவித்தல், விடுமுறைக்கு முந்தைய நாளில் அனுப்பாதிருத்தல் ஆகிய இரண்டும் செலவின்றி மாதிரியைக் காக்கும்.

முடிவுரை

2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், பட்டியலிட்ட நோய்களின் ஐயத்தைத் தெரிவிப்பதை உரிமையாளரின் கடமையாக்குகிறது. அவர் கடமையாற்றிய பின், மாதிரியைக் கெடாமல் சேர்ப்பது துறையின் கடமை. கெட்ட மாதிரியிலிருந்து ‘நோய் இல்லை’ என வரும் முடிவு, முடிவே வராததினும் தீங்கானது. அதனை நம்பி ஆடு சந்தைக்குச் செல்லும். நோயும் உடன் செல்லும். எனவே ‘இல்லை’ என்னும் முடிவைப் படிப்போர், மாதிரி எந்நிலையில் ஆய்வகத்தை அடைந்தது என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். கள ஆய்வில் ஈடுபடும் ஆய்வாளர்கள் பொதிதல் முறையையும் தம் ஆய்வு முறையியலின் பகுதியாகப் பதிவு செய்தல் தகும்.