நாட்டியப் பயிற்சியும் மூச்சிரைப்பும்: உடலுழைப்பால் தூண்டப்படும் ஆஸ்துமாவுடன் ஆடல் வலிமையைப் பெருக்குதல் (அனுப்பம்பட்டு, பழவேற்காட்டுப் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

உடலுழைப்பால் தூண்டப்படும் ஆஸ்துமா உடைய மாணவர்கள் பலர் நாட்டியப் பயிற்சியைப் பாதியில் கைவிடுகின்றனர். நோயின் இயங்குமுறையையும் பரதநாட்டியத்தின் நிகழ்த்து அமைப்பையும் ஒப்பிட்டு நோக்கும்போது, இம்மாணவர்களுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் ஆட்டமன்று, பயிற்சி வகுப்பு அமைக்கப்படும் முறையும் ஆடும் இடத்தின் காற்றுமே எனத் தெரிகிறது. மார்க்கத்தின் படிநிலை வைப்பைப் பயிற்சிக்கும் பொருத்துதல், காற்றின் தன்மையறிந்து இடமும் நேரமும் தேர்தல், மருத்துவரின் வழிகாட்டலில் நோயைக் கட்டுக்குள் வைத்தல் ஆகிய மூன்றும் இணைந்தால் ஆடல் வலிமை பெருகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பரதநாட்டியம், மார்க்கம், அடவு, மூச்சிரைப்பு, ஆஸ்துமா, அனுப்பம்பட்டு, பழவேற்காடு.

முன்னுரை

ஆடற்கலைக்கு நீண்ட உடற்பயிற்சி தேவை என்பதைத் தமிழ் மரபு தொன்றுதொட்டே அறிந்திருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதை, மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கி ஏழாண்டுகள் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியதைக் கூறுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன் முதலியோரின் இலக்கணங்களையும் அது வகுத்துரைக்கிறது. ஆடுபவரின் ஆற்றல் ஆசிரியரின் அறிவைச் சார்ந்தே வளர்கிறது என்னும் கருத்து இவ்வைப்பில் அடங்கியுள்ளது.

இன்று நாட்டிய வகுப்பில் சேரும் சிறார்களுள் மூச்சிரைப்பு உடையோரும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி இருவகைத் தவறான முடிவுகள் நிலவுகின்றன. ‘நெஞ்சு பலவீனம், ஆட்டம் வேண்டா’ எனப் பெற்றோர் நிறுத்திவிடுவது ஒன்று. ‘ஆட ஆடச் சரியாகிவிடும்’ என நோயைப் பொருட்படுத்தாது ஆடச்செய்வது மற்றொன்று. முதலாவது ஒரு கலைஞரை இழக்கச் செய்கிறது; இரண்டாவது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயின் இயங்குமுறை

ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்வாங்குகிறார். கடும் உழைப்பின்போது இவ்வளவு 60 லிட்டருக்கும் மேலாக உயர்கிறது. மெல்ல மூச்சுவிடும்போது மூக்கு காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி, வடிகட்டி அனுப்புகிறது. மூச்சின் அளவு மிகும்போது வாயாலும் மூச்சுவிட நேர்கிறது. அப்போது பதப்படாத காற்று மூச்சுக்குழல்களை அடைந்து, அவற்றின் உட்பரப்பிலுள்ள நீரை ஆவியாக்குகிறது. அந்நீர்மம் செறிவடைவதால் மாஸ்ட் செல்கள் முதலியன ஹிஸ்டமின், லியூக்கோட்ரீன் ஆகிய வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றால் குழலைச் சூழ்ந்த தசை இறுகி, மூச்சு வழி சுருங்குகிறது. எனவே உழைப்பைவிட, உழைப்பின்போது உட்செல்லும் உலர்ந்த காற்றே நேரடித் தூண்டல் எனலாம். வெதுவெதுப்பான ஈரக்காற்றில் நீந்துவோருக்கு, உலர்காற்றில் ஓடுவோரைவிட இத்தொல்லை குறைவாக இருப்பதும் இதனை உணர்த்தும்.

இச்சுருக்கம் பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்திய பின்னர், 5 முதல் 15 நிமிடங்களுக்குள் உச்சமடைகிறது. பிறகு 30 முதல் 60 நிமிடங்களில் தானே தணிவது வழக்கம். இக்கால இடைவெளி வகுப்பறையில் ஒரு தவறான புரிதலுக்கு இடமளிக்கிறது. ஆடும்போது நன்றாக இருந்த மாணவி, உட்கார்ந்தபின் இருமி இரைப்பதைக் காணும் ஆசிரியர் அதனைச் சோர்வு என்றோ சாக்குப்போக்கு என்றோ கருத நேரிடலாம். நோயின் இயல்பே அவ்வாறு தோன்றுவதுதான்.

ஒருமுறை இவ்வாறு சுருங்கித் தணிந்தபின், ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அடுத்த ஓரிரு மணி நேரத்திற்கு மீண்டும் அதே அளவு சுருக்கம் ஏற்படுவதில்லை. இக்காப்புக் காலத்தை நோயைத் தூண்டாமலே, படிப்படியான முன்தயாரிப்புப் பயிற்சியாலும் ஓரளவு பெறலாம் என்பது பயிற்சி அமைப்புக்கு மிகவும் பயன்படும் செய்தியாகும்.

2. மார்க்கமும் அன்றாட வகுப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் ஒழுங்குபடுத்திய மார்க்கம் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா எனத் தொடர்கிறது. இதனை உடலியல் நோக்கில் காண்போமாயின், அலாரிப்பு கண், கழுத்து, தோள் எனத் தொடங்கி உடலை மெல்ல எழுப்புகிறது. ஜதிஸ்வரம் உழைப்பைக் கூட்டுகிறது. சப்தத்தில் அபிநயம் சேர்வதால் மூச்சுக்கு இடைவெளி கிடைக்கிறது. அரை மணி நேரத்திற்கும் மேலாக நீளக்கூடிய வர்ணத்திலும் கடுமையான தீர்மானங்களுக்கு இடையே சாகித்தியத்திற்கான அபிநயம் அமைகிறது. பதத்தில் உடல் தணிந்தபின்னரே தில்லானாவின் விரைவு வருகிறது. ஆகவே மார்க்கம் இடைவிட்ட உழைப்பாக அமைந்துள்ளது.

தொண்டை மண்டலத் தெருக்கூத்திலும் இத்தகைய மூச்சு ஏற்பாடு உண்டு. இரவு முழுதும் பாடியும் ஆடியும் நிகழ்த்தும் கூத்தர் ஓரடியைப் பாடியவுடன் பின்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுகிறார். பாடலின் சுமை அவரிடம் செல்லும் அந்நேரத்தில் கூத்தர் ஆடவும் மூச்சை மீட்கவும் முடிகிறது.

அன்றாட வகுப்பின் அமைப்போ வேறு. தட்டடவு முதல் வரிசையாக அடவுகளை மூன்று காலங்களிலும் இடைவிடாது ஆடச்செய்து, முடிந்ததும் உடனே உட்காரச் சொல்வது பல வகுப்புகளில் காணப்படும் முறை. இம்முறையை மருத்துவ ஆய்வகச் சோதனையோடு ஒப்பிடுதல் தகும். உடலுழைப்பு ஆஸ்துமாவைக் கண்டறிய, நோயாளியின் இதயத் துடிப்பைச் சில நிமிடங்களுக்குள் உச்ச அளவின் 80 முதல் 90 விழுக்காட்டிற்கு உயர்த்தி, அந்நிலையில் 4 முதல் 6 நிமிடங்கள் நிறுத்தி, உலர்ந்த காற்றில் உழைக்கச் செய்து, திடீரென நிறுத்துவர். முன்தயாரிப்பின்றித் தொடங்கி மூன்றாம் காலத்தில் நீளும் அடவுத்தொடர் இச்சோதனையையே பெரிதும் ஒத்துள்ளது. மேடையில் ஒரு மார்க்கத்தை ஆடி முடிக்கக்கூடிய மாணவி, வகுப்பில் பத்து நிமிட அடவுப் பயிற்சியில் மூச்சிரைப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

3. காற்றின் பங்கு: அனுப்பம்பட்டுச் சூழல்

அனுப்பம்பட்டு, சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில், திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. வடகிழக்கே பழவேற்காட்டு ஏரியும் அதனைச் சார்ந்த மீனவ ஊர்களும் உள்ளன. கடலும் ஏரியும் அருகில் இருப்பதால் இங்குக் காற்று ஈரப்பதம் மிக்கது. முற்பகுதியில் கூறிய இயங்குமுறைப்படி இது மூச்சிரைப்புடைய ஆடுநர்க்கு நன்மையே.

ஆயினும் அக்காற்றில் கலந்துள்ளவற்றையும் நோக்க வேண்டும். இவ்வூருக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் 1500 மெகாவாட் திறனுடைய வல்லூர் அனல்மின் நிலையமும், அத்திப்பட்டைச் சார்ந்த வடசென்னை அனல்மின் நிலையமும், நிலக்கரி கையாளும் எண்ணூர்த் துறைமுகமும் உள்ளன. நிலக்கரி எரிப்பில் வெளிப்படும் நுண்துகள், கந்தக டைஆக்சைடு, நைட்ரசன் ஆக்சைடுகள் ஆகியவை மூச்சுக்குழலை எரிச்சலூட்டுபவை. குறிப்பாக, ஆஸ்துமா உடையோர் உழைக்கும்போது கந்தக டைஆக்சைடு குறைந்த அளவிலேயே சுருக்கத்தை உண்டாக்கும். உழைப்பின்போது மூச்சின் அளவு பன்மடங்காவதால், உட்செல்லும் மாசும் பன்மடங்காகிறது. மீனவ ஊர்களில் இறால், நண்டு ஆகியவற்றை உரித்துப் பதப்படுத்தும்போது காற்றில் கலக்கும் புரதத் துகள்களும் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு அறியப்பட்ட காரணிகளாகும். விறகடுப்புப் புகையும் இவற்றோடு சேர்கிறது.

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் குளிர்ந்த காற்று நிலத்தை ஒட்டித் தேங்குவதால் புகையும் கலையாது நிற்கிறது. போகியன்று பொருள்களை எரிப்பது அதனை மேலும் மிகுவிக்கிறது. மரபாக விடியற்காலையே சாதகத்திற்கு உகந்ததாகக் கருதப்படினும், இவர்களுக்கு அம்மாதங்களில் வெயில் ஏறிய பின்னரோ மாலையிலோ பயிற்சியை வைப்பது நலம்.

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. ஈரக்காற்று நிறைந்த ஊரில் பயின்றவர் அரங்கேற்றத்தையோ போட்டியையோ சென்னையின் குளிரூட்டப்பட்ட அரங்கில் நிகழ்த்த நேர்கிறது. அங்குள்ள குளிர்ந்த, உலர்ந்த காற்று ஊரில் தோன்றாத இரைப்பைத் தோற்றுவிக்கலாம். மேடைப் பூசையின் சாம்பிராணி, கற்பூரப் புகை, ஒப்பனைத் தூள் ஆகியவையும் சேர்கின்றன. ஆதலின் அரங்கில் ஒருமுறையேனும் முன்கூட்டி ஆடிப்பார்த்தலும், பூசையை ஆட்டத்திற்கு நெடுநேரம் முன்பே முடித்தலும் வேண்டற்பாலன.

4. நோயை உறுதிசெய்தல்

மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமா அன்று. பயிற்சிக் குறைவும் இரத்தசோகையும் இதே தோற்றத்தைத் தரும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் எனக் காட்டுகிறது. எனவே ஆடல் மாணவியரின் களைப்பை ஆராயும்போது இரத்தப் பரிசோதனையும் இன்றியமையாதது. குரல்வளை சுருங்குவதால் எழும் தொல்லை, ஆடும்போதே உள்மூச்சில் ஒலியுடன் தோன்றி, நிறுத்தியவுடன் விரைவில் நீங்கும். ஆஸ்துமாவோ நிறுத்தியபின் மிகுந்து, வெளிமூச்சில் இரைச்சலாக வெளிப்படும்.

உறுதிப்பாட்டிற்கு ஸ்பைரோமெட்ரி சோதனை உதவும். முதல் ஒரு வினாடியில் வெளிவிடும் காற்றின் அளவு, உழைப்புக்குப் பின் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறையுமாயின் நோய் உண்டெனக் கொள்வர். வகுப்பிலும் வீட்டிலும் தொடர்ந்து கண்காணிக்க, கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டர் போதுமானது. ஆடுமுன் ஒருமுறையும், நிறுத்திய 5, 10, 15 ஆம் நிமிடங்களிலும் ஊதிப் பதிவேட்டில் குறித்துவந்தால், எவ்வகை ஆட்டமும் எவ்வகைக் காற்றும் ஒவ்வாதன என்பது சில வாரங்களில் புலப்படும்.

5. வலிமையைப் பெருக்கும் பயிற்சி முறை

ஆஸ்துமா உடையோர்க்கு உடற்பயிற்சி அளித்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அப்பயிற்சி இதய, நுரையீரல் ஆற்றலை உயர்த்துவதையும் நோயாளிகளால் நன்கு தாங்கப்படுவதையும் காட்டியது. ஆற்றல் உயரும்போது, அதே ஆட்டத்தைக் குறைந்த மூச்சளவில் ஆட முடிகிறது, தூண்டலும் குறைகிறது. இதனை நாட்டியத்திற்குப் பொருத்திப் பின்வரும் படிநிலைகளை முன்மொழியலாம்.

முதலாவது, 15 நிமிட முன்தயாரிப்பு. மெல்லிய அசைவுகளில் தொடங்கி, முதற்கால அடவுகளுக்குச் சென்று, இறுதியில் அரை நிமிட அளவிலான விரைவுத் துண்டுகள் சிலவற்றை இடைவெளிவிட்டு ஆட வேண்டும்.

இரண்டாவது, இடைவிட்ட உழைப்பு. ஒரு நிமிடத் தீர்மானத்தை ஆடி, இரண்டு நிமிடம் அபிநயமோ மெல்லிய நடையோ மேற்கொள்ளலாம். இரைப்பின்றி ஆட முடிந்தபின், வாரந்தோறும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். விரைவு, நீளம் ஆகிய இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டலாகாது.

மூன்றாவது, சொற்கட்டுச் சோதனை. உடற்பயிற்சியாளர் கையாளும் பேச்சுச் சோதனையை நாட்டியத்திற்கு ஏற்பக் கொள்ளலாம். அடவை ஆடிக்கொண்டே அதன் சொற்கட்டைத் தடையின்றிச் சொல்ல முடிந்தால் உழைப்பு மிதமானது. ஓரிரு சொல்லுக்கு மேல் சொல்ல இயலாதபோது அது கடுமையானது. கருவி ஏதுமின்றி ஆசிரியரும் மாணவரும் அளவறிய இஃது உதவும்.

நான்காவது, மெல்லத் தணிதல். கடும் ஆட்டத்தை முடித்தவுடன் உட்காராமல், 10 நிமிடம் முதற்கால அடவுகளோ நடையோ மேற்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டுத் தணிய வேண்டும்.

அரங்க உடையும் கருதத்தக்கது. இறுகிய இரவிக்கையும் ஒட்டியாணமும் விலாவின் விரிவைத் தடுக்காதவாறு, முழுமூச்சு உள்வாங்கிய நிலையில் அளவெடுத்தல் நன்று.

6. மருந்தும் ஆசிரியர் பொறுப்பும்

பயிற்சி முறை மருந்திற்கு மாற்றன்று. ஆட்டத்திற்குச் சிறிது முன்னர் சால்பூட்டமால் போன்ற மூச்சுக்குழல் விரிப்பான் இழுப்பது பலகாலம் பின்பற்றப்படும் முறையே. எனினும் அதனை நாள்தோறும் பயன்படுத்தினால் அதன் காப்பு குறைகிறது. அடியிலுள்ள அழற்சியும் தணிவதில்லை. ஆஸ்துமாவிற்கான உலகளாவிய முன்முயற்சி அமைப்பான ‘ஜினா’, 2019 முதல், 12 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆஸ்துமா நோயாளிகள் விரிப்பானை மட்டும் தனித்து நம்பலாகாது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. மருந்தும் அளவும் மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியவை.

நடைமுறையில் பெருந்தடை, இன்ஹேலர் பற்றிய நாணமே. குறிப்பாக மணமாகாத பெண்களின் நோய் வெளியே தெரியக்கூடாது எனக் குடும்பத்தார் மறைப்பதால், வகுப்புப் பையில் மருந்து இருப்பதில்லை. மருந்து மாணவியின் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதையும், மருத்துவர் எழுதிய நெருக்கடித் திட்டத்தின் படி தம்மிடம் இருப்பதையும் ஆசிரியர் உறுதிசெய்தல் வேண்டும். முழுத் தொடராகப் பேச இயலாமை, உதடு நீலமாதல், மருந்திற்குப் பின்னும் தணியாமை ஆகியவை தோன்றினால் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். இரைப்பு தோன்றிய நாளிலும், சளி, காய்ச்சல் உள்ள நாளிலும் கடும் ஆட்டத்தைத் தவிர்த்து, முத்திரை, அபிநயம், தாளம், சொற்கட்டு ஆகியவற்றைப் பயிற்றலாம். அதனால் மாணவி வகுப்பிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகார்.

நிறைவுரை

உடலுழைப்பால் தூண்டப்படும் ஆஸ்துமா, நாட்டியத்திற்கு முற்றான தடையன்று. இடைவிட்ட உழைப்பாக அமைந்த மார்க்கத்தின் வைப்புமுறை, இந்நோயுடையோர்க்கு இயல்பாகவே பொருந்துகிறது. அப்பொருத்தத்தைக் குலைப்பவை, முன்தயாரிப்பும் தணிவும் அற்ற வகுப்பு முறையும் மாசடைந்த அல்லது உலர்ந்த காற்றுமே. வகுப்பு முறையை ஆசிரியரே மாற்ற இயலும். பயிற்சிக்குரிய நேரத்தையும் இடத்தையும் பெற்றோரும் ஆசிரியரும் இணைந்து தேரலாம். அனுப்பம்பட்டு போன்ற ஊர்களின் காற்றைத் தூய்மையாக வைத்தல் தனிமனிதரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது, அது பொதுப்பொறுப்பு. நாட்டிய ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டங்களில் மூச்சு உடலியலும் முதலுதவியும் இடம்பெறுமாயின், மூச்சிரைப்பின் பொருட்டு ஆடலைக் கைவிடும் மாணவர் எண்ணிக்கை குறையும்.