“பயப்படாதீங்க பாட்டி” என்றால் மார்க் போச்சு!

எழுபது வயது மூதாட்டி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள். எழுந்து நாலடி நடக்கச் சொன்னால் மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நம் ஊர் வார்டில் என்ன நடக்கும்? “பயப்படாதீங்க பாட்டி, ஒண்ணும் ஆகாது, எழுந்திருங்க” என்று சிஸ்டர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதையே ஆங்கிலத்தில், இலக்கணம் பிசகாமல், ஓஇடி தேர்வின் பேச்சுப் பகுதியில் சொன்னால் மதிப்பெண் குறையும். பாட்டிக்கு என்ன பயம் என்று யாரும் கேட்கவே இல்லையே!

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து என்று வேலை தேடிப் போகும் நர்ஸ்களுக்கு ஆங்கிலத் தேர்வுதான் முதல் வாசற்படி. அதில் முக்கியமாக இரண்டு கதவுகள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த ஐஇஎல்டிஎஸ். மற்றொன்று ஓஇடி எனப்படும் ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட். மெல்போர்னைச் சேர்ந்த மொழியியலாளர் டிம் மெக்நமாரா 1980-களின் இறுதியில் வடிவமைத்தது இது. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், கால்நடை மருத்துவர் என்று 12 மருத்துவத் தொழில்களுக்கு மட்டும் நடக்கிறது.

மருத்துவத்துக்கென்று தனியாக ஒரு தேர்வு எதற்கு? பதில் ஐஇஎல்டிஎஸ்ஸின் எழுத்துப் பகுதியில் இருக்கிறது. ஐசியூவில் பத்து வருடம் வேலை பார்த்தவரை உட்காரவைத்து, நகரமயமாதல் நல்லதா கெட்டதா என்கிற பாணியில் 250 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லும் தேர்வு அது. பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சிலான என்எம்சி நான்கு பகுதியிலும் 7 கேட்டது. மற்ற மூன்றிலும் தேறிவிட்டு, எழுத்தில் மட்டும் 6.5-ல் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பணம் கட்டியவர்கள் ஏராளம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆஸ்திரேலிய நர்ஸ்கள் சிலரே இதில் தடுக்கி விழுந்த செய்தி 2017-ல் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் என்எம்சி ஓஇடியையும் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டின் இறுதியில் ஐஇஎல்டிஎஸ் எழுத்துக்கு 6.5 போதும் என்று இறங்கி வந்தது. ஓஇடியில் இப்போது கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் பி கிரேடு, அதாவது 500-க்கு 350. எழுத்தில் சி பிளஸ், 300.

மதிப்பெண் தளர்ந்ததே, சுலபம்தானே என்றால் அதுதான் இல்லை. ஓஇடியில் கட்டுரை கிடையாது, கடிதம். கேஸ் நோட்ஸ் என்று நோயாளியின் குறிப்புகள் சில பக்கம் கொடுப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும். பேனாவைத் தொடக் கூடாது. அடுத்த நாற்பது நிமிடத்தில் சுமார் 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம். அதே பாட்டியை வைத்துக்கொள்வோம். 1998-ல் குடல்வால் ஆபரேஷன், ஒரு பூனை வளர்க்கிறார், மகள் வெளியூரில், வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, தையல் பிரிக்க வேண்டிய தேதி, வலி மாத்திரையின் அளவு. எல்லாம் கலந்து கிடக்கும். கடிதம் போகவேண்டியது வீட்டுக்கு வந்து கட்டுப் பிரிக்கும் நர்ஸுக்கு. அவருக்கு 1998 எதற்கு? மாடிப்படி வேண்டும், தையல் தேதி வேண்டும். மகள் வெளியூர் என்பதும் வேண்டும். இரவில் பாட்டி விழுந்தால் தூக்க ஆள் இல்லை. பூனை? காலில் இடறும் என்று தோன்றினால் அதுவும் வேண்டியதுதான். கொடுத்ததை எல்லாம் அப்படியே இறக்கிவைப்பவருக்கு இலக்கணம் சுத்தமாக இருந்தும் மார்க் விழாது. எதை விடுவது என்று தெரிவதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு. கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்த ரெடிமேட் வாக்கியங்கள் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை.

நம்மவர்களுக்கென்றே ஒரு தனி வழுக்கல் உண்டு. நம் ஆஸ்பத்திரி ஆங்கிலம்! ‘சுகர் பேஷன்ட்’, ‘பிபி பேஷன்ட்’, ‘லூஸ் மோஷன்’, ‘வாமிட்டிங் சென்சேஷன்’ எல்லாம் நாகர்கோவிலில் இருந்து சென்னை வரை செல்லுபடியாகும் நாணயம். லண்டன் கவுன்டரில் செல்லாது. தலைசுற்றலுக்கு நாம் சொல்வது ‘கிடினெஸ்’. அங்கே காதில் விழுவது ‘டிஸினெஸ்’. இறந்தவரை ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதுவது நமக்கு மரியாதை. அங்கே அந்தச் சொல் பால் பாக்கெட்டுக்கும் மாத்திரை அட்டைக்கும் உரியது.

உச்சரிப்பு பற்றி வீணாகப் பயப்படுகிறார்கள். பிரிட்டிஷ்காரர் மாதிரி பேச வேண்டும் என்று எந்தத் தேர்வும் கேட்கவில்லை, புரிந்தால் போதும். ஆனால் சொல்லின் கடைசியை விழுங்குகிற வேகம் ஆபத்து. ‘ஃபிஃப்டீன்’ சொன்னது ‘ஃபிஃப்டி’யாகக் கேட்டால் 15 மில்லி 50 மில்லி ஆகிவிடும். தேர்வு அறையில் போவது மார்க். வார்டில் போவது வேறு.

பேச்சுத் தேர்வு சுமார் இருபது நிமிடம். ஐந்தைந்து நிமிடத்தில் இரண்டு நாடகங்கள். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். அவர் மார்க் போடுவதில்லை. பேச்சின் ஒலிப்பதிவை வேறு ஆட்கள் கேட்டு மார்க் போடுகிறார்கள். 2018 முதல் மொழியோடு சேர்த்து, நோயாளியின் கவலையைக் கேட்டறிந்தாரா, தகவலைத் துண்டு துண்டாகப் புரியும்படி சொன்னாரா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நோயாளியிடம் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருப்பது நம் பயிற்சியில் இல்லாத பழக்கம். ஒரு நர்ஸ் அறுபது படுக்கையைப் பார்க்கும் வார்டில் அதற்கு நேரம் ஏது என்று கேட்டால் நியாயம்தான்.

தயாரிப்புக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. தேர்வுக் கட்டணமே சிறிய தொகை இல்லை. அதற்கு மேல் கோச்சிங்குக்கு அள்ளிக் கொடுப்பதற்கு முன் இலவச மாதிரித் தேர்வை ஓஇடியின் இணையதளத்தில் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் இணையதளத்தில் ஒவ்வொரு நோய்க்கும் சாமானியருக்காக எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. டாக்டர் பாஷையை மனித பாஷையாக்க அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. நைட் டியூட்டி முடிந்து ஹேண்டோவர் கொடுப்பதற்கு முன், அதே விஷயத்தை ஆங்கிலத்தில் போனில் பதிவு செய்து கேட்பது இன்னொரு வழி. முதல் நாள் தன் குரல் தனக்கே பிடிக்காது.

ஒரு பகுதியில் கோட்டைவிட்டால் எல்லாம் போச்சு என்பதும் இல்லை. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட என்எம்சி அனுமதிக்கிறது. எந்தப் பகுதியும் மிகக் கீழே போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் மறுபடி முழு கோர்ஸுக்குப் பணம் வாங்கும் இடங்களும் உண்டு. பரீட்சை எழுதாமலே சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். மதிப்பெண்ணை கவுன்சில்கள் ஆன்லைனில் நேரடியாகவே சரிபார்க்கின்றன.

தேர்வில் தேறினால் வேலை நிச்சயமா? 2021, 2022-ல் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்த பிரிட்டிஷ் மருத்துவமனைகள் 2024-க்குப் பிறகு வெளிநாட்டு ஆளெடுப்பைக் கணிசமாகக் குறைத்துவிட்டன. மதிப்பெண்ணின் ஆயுளோ இரண்டே வருடம். ஆகவே நகையை அடகு வைத்து அவசரமாக எழுதுவதைவிட, எந்த நாட்டில் இப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதுவது புத்திசாலித்தனம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. விசாரிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.

விமானமே ஏறாவிட்டாலும் படித்தது வார்டில் மிஞ்சும். சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வங்கதேசம், ஓமன், ஆப்பிரிக்க நாடுகள் என்று பல இடங்களில் இருந்து நோயாளிகள் வருகிறார்கள். அவர்களை விடுங்கள். இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் நம் உசிலம்பட்டிப் பாட்டியிடம் “எதை நினைச்சு பயமா இருக்கு பாட்டி?” என்று கேட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றால், “தையல் பிரிஞ்சிருமோன்னுதான் தாயி” என்று பதில் வரும். அதற்குப் பிறகுதான் அவர் காலைக் கீழே வைப்பார்.